வறண்ட நாளில் கையில் நிற்கும் பட்டர்: டிஸ்க் கோல்ஃபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் விரலை ஈரப்படுத்திக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வங்கிக் காசாளரின் மேஜையிலும் தண்ணீரில் ஊறிய பஞ்சு ஒரு சின்ன டப்பாவில் இருக்கும். காய்ந்த விரலுக்குத் தாள் பிடிபடுவதில்லை. தண்ணீர் சொட்டும் விரலுக்கும் பிடிபடுவதில்லை. இலேசாக ஈரம் படிந்த விரலுக்கு மட்டும் உடனே வசப்படும். டிஸ்க் கோல்ஃபில் பட்டர் (putter) என்ற தட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு அறிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்தப் பஞ்சு டப்பாவிலேயே இருக்கிறது என்பது என் அனுபவம்.

விளையாட்டே புதிது என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பறக்கும் தட்டை எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழச் செய்ய வேண்டும். குறைந்த எறிதல்களில் முடிப்பவர் வெற்றி பெறுவார். கலிஃபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். 1975-ல் அங்குள்ள ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களம் அமைந்தது. சங்கிலிக் கூடையும் அவருடைய கண்டுபிடிப்புதான். தொலைவுக்கு எறியும் தட்டு டிரைவர், இடைத்தூரத்துக்கானது மிட்ரேஞ்ச், கூடையை நெருங்கியதும் கையில் எடுப்பது பட்டர். ஒரு சுற்றில் டிரைவரைத் தொடாமலே கூட விளையாடிவிடலாம். பட்டர் இல்லாமல் முடியாது. ஆகவே புதிதாக வருபவர் முதல் பணத்தைப் பட்டருக்குச் செலவிட வேண்டும்.

நாங்கள் விளையாடுவது நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு நண்பரின் தென்னந்தோப்பில். பழைய சைக்கிள் ரிம், இரும்புக் குழாய், கொஞ்சம் சங்கிலி ஆகியவற்றை வைத்து வெல்டிங் பட்டறையில் கூடை செய்துகொண்டோம். வாரக்கடைசிகளில் ஆரல்வாய்மொழிப் பக்கமும் ரப்பர் தோட்டங்கள் நிறைந்த குலசேகரம் பக்கமும் அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு போவோம். அப்படி அலைந்தபோதுதான், ஒரே தட்டு ஒரே நாளில் ஓரிடத்தில் கையோடு நிற்பதையும் இன்னோரிடத்தில் நழுவுவதையும் கண்டோம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வறட்சி ஒரே மாதிரி இல்லை. இரண்டு பருவமழையும் பெறும் ஊர் என்று பெயர் இருந்தாலும், தைக்கும் பங்குனிக்கும் இடையே மழையில்லாத நாட்கள் நீளமாக வரும். அந்த நாட்களில் குளச்சல், முட்டம் கடற்கரையோரம் நின்றால் மழை இல்லாவிட்டாலும் காற்றில் உப்பும் ஈரமும் இருக்கும், உள்ளங்கை பிசுபிசுக்கும். அதே மாலையில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றால், காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று உதட்டையும் விரல் நுனியையும் உலர்த்திவிடும். மேற்கே மார்த்தாண்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாளில்கூட இந்தக் கணவாயில் மண் புழுதியாகக் கிடப்பதுண்டு. எனவே ‘வறண்ட வானிலைக்கு நல்ல பட்டர் எது?’ என்று யாராவது கேட்டால், எந்த வறட்சி என்று நான் திருப்பிக் கேட்பேன். கையை உலர்த்தும் வறட்சிக்கு வேண்டியது ஒன்று. கையை வியர்க்க வைக்கும் வறட்சிக்கு வேண்டியது வேறொன்று.

முதலில் உங்கள் கையைப் பாருங்கள்

தட்டைப் பற்றிப் படிப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. நண்பகல் வெயில் சற்றுத் தணிந்தபின், வழக்கமாக விளையாடும் இடத்தில் நின்று, பத்து ரூபாய்த் தாள்கள் இருபதை எண்ணுங்கள். விரலை நனைக்காமல் எண்ண முடியாமல் தாள்கள் இரண்டிரண்டாக நழுவினால், உங்களுடையது உலர் கை. தாள் சுலபமாகப் பிடிபட்டால் நடுத்தரம். எண்ணி முடிப்பதற்குள் தாளில் விரல் ஈரம் தெரிந்தால் வியர்வைக் கை.

செய்யும் வேலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்டும் சுண்ணாம்பும் புழங்கும் கொத்தனாரின் கையும், உப்பளத்தில் வேலை செய்பவரின் கையும், வருடக்கணக்காகக் கத்தி பிடித்து ரப்பர் பால் வெட்டுபவரின் கையும் தோல் தடித்து உலர்ந்திருக்கும். அந்தக் கைகளில் வழவழப்பான தட்டு நிற்கவே நிற்காது. எங்களோடு விளையாடும் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் எங்கள் எல்லோரையும்விடத் துல்லியமாகக் குறி பார்ப்பார். ஆனாலும் முதல் மாதம் முழுவதும் அவர் எறிந்த தட்டு கூடைக்கு இடப்புறமாகவே போய்க்கொண்டிருந்தது. அவர் கைக்குப் பொருந்தாத தட்டைக் கொடுத்தது எங்கள் தவறு.

பிளாஸ்டிக்கில்தான் எல்லாம் இருக்கிறது

கடையில் தட்டின் பெயரைத்தான் பெரிதாகப் போடுவார்கள். பிடிமானத்தைப் பொறுத்தவரை அந்தப் பெயரைவிட முக்கியமானது, அது எந்தப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டது என்பது. ஒரே அச்சை ஒரே நிறுவனம் நாலைந்து பிளாஸ்டிக்குகளில் வெளியிடும். இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் என்ற பட்டர் டிஎக்ஸ் பிளாஸ்டிக்கிலும் வருகிறது, கேசி புரோவிலும் வருகிறது, ஸ்டாரிலும் சாம்பியனிலும் வருகிறது. கையில் எடுத்தால் நான்கும் நான்கு தட்டுகள்.

பொதுவாக இவற்றை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஒன்று, விலை குறைந்த அடிப்படைப் பிளாஸ்டிக். இதற்குப் பளபளப்பு இராது. மேற்பரப்பு சற்று மங்கலாக, சாக்பீஸைத் தொடுவதுபோல இருக்கும். டிஎக்ஸ், கேசி புரோ, டைனமிக் டிஸ்க்ஸின் கிளாசிக் வரிசை, லாட்டிட்யூட் 64-ன் ஸீரோ வரிசை, ஆக்ஸியம் மற்றும் எம்விபியின் எலக்ட்ரான் வரிசை எல்லாம் இந்தக் கூட்டம். மற்றொன்று, விலை கூடிய, நீண்ட நாள் உழைக்கும் பிளாஸ்டிக். மரத்தில் மோதினாலும் எளிதில் சிதையாது. சில வகைகள் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். டிரைவருக்கு இது அருமையானது. பட்டருக்கு, அதிலும் உலர்ந்த கைக்கு, நான் சிபாரிசு செய்யமாட்டேன். விலை கூடியதே சிறந்தது என்று எண்ணி நானும் முதலில் அப்படி ஒன்றை வாங்கினேன். ஆரல்வாய்மொழிக் காற்றில் அது சோப்புத் துண்டுபோல நழுவியது. இரண்டு மாதம் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பட்டர் மரத்தில் வேகமாக மோதுவது அபூர்வம். அதனால் உழைப்பைக் கருதிப் பிடிமானத்தை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. குறைந்த விலைத் தட்டே சிறந்ததாக அமையும் அபூர்வமான இடம் இது. புதியவர்கள் இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து வருவது மென்மை. அடிப்படைப் பிளாஸ்டிக்கிலேயே மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்று நிலைகள் உண்டு. ஸீரோ வரிசையில் சாஃப்ட், மீடியம், ஹார்ட் என்றும், எலக்ட்ரானில் சாஃப்ட், மீடியம், ஃபர்ம் என்றும் பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள். மென்மையான பிளாஸ்டிக் விரல் அழுத்தத்துக்குச் சற்று அமுங்கிக்கொடுக்கும். தோல் அதிகப் பரப்பில் படியும். ஆகவே உலர்ந்த விரலிலும் நிற்கும். புகை போடாத ரப்பர் ஷீட்டையும் காய்ந்த பலகையையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். குலசேகரம் பக்கத்துக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

அப்படியானால் இருப்பதிலேயே மென்மையானதை வாங்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நம் வெயில் குறுக்கே வருகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் மென்மையான பட்டரைப் புகழ்வதற்குக் காரணம், குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போகும் என்பதுதான். நமக்கு நிலைமை தலைகீழ். மாசி மாத மதியத்தில் மிக மென்மையான தட்டு தொய்ந்துபோகும், விரலில் ஒட்டிக்கொண்டு தாமதமாக விடுபடும். நழுவுவது எவ்வளவு கேடோ, ஒட்டிக்கொள்வதும் அவ்வளவு கேடு. ஆகவே உலர் கைக்காரர் மென்மையையும் நடுத்தரத்தையும் ஒப்பிட்டு, இயன்றால் நடுத்தரத்தின் பக்கம் சாய வேண்டும். வியர்வைக் கைக்காரருக்கு நடுத்தரமோ கடினமோ பொருந்தும். ஆனால் மேற்பரப்பு மங்கலாக இருக்க வேண்டும், பளபளப்புக் கூடாது. நடுத்தரக் கைக்காரருக்கு நடுத்தரமே போதும். மிக மென்மையான தட்டை நான் கைகாட்டுவது, தோல் மிகவும் தடித்த கைகளுக்கு, அதுவும் காலையிலோ மாலையிலோ மட்டும் விளையாடுபவர்களுக்குத்தான்.

விளிம்பும் ஆழமும்

பட்டரின் விளிம்பைத் தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். சிலவற்றில் விளிம்பின் அடியில் வளையம்போல ஒரு மெல்லிய மேடு ஓடும். அதை பீட் என்பார்கள். விரல் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அது ஓர் அடையாளம். சிலருக்கு அது கைக்கு இதம், சிலருக்கு உறுத்தல். டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜில் பீட் உண்டு. அதன் சகோதரத் தட்டான வார்டனில் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பிடித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். புழுதி மண்ணில் விளையாடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பீட்டுக்கும் விளிம்புச் சுவருக்கும் இடையே உள்ள மூலையில் தூசி சேரும். துடைக்க மறந்தால் அந்தத் தூசியே வழுக்கும் பொடியாகிவிடும்.

கை சிறியதாக இருந்தால் ஆழம் குறைந்த, பீட் இல்லாத தட்டு நல்லது. ஆழமான தட்டைச் சிறிய கை முழுதாகப் பற்ற முடியாமல் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு விறைக்கும், தட்டு ஆடிக்கொண்டே போகும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்குபவர்கள் இதை மறக்க வேண்டாம். ஸ்வீடனின் கஸ்தாபிளாஸ்ட் நிறுவனம் வெளியிடும் பெர்க் என்ற பட்டரில் மேல்பக்கம் கட்டைவிரல் படிய ஒரு பள்ளம் இருக்கிறது. உலர்ந்த கைக்காரர்கள் சிலர் அதை மிகவும் விரும்புகிறார்கள். ஆனால் அது மிதந்து செல்லும் தட்டு இல்லை, சீக்கிரம் இறங்கிவிடும். முதல் தட்டாக வாங்குபவர் அதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

எடையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பன்னாட்டு விதியின்படி தட்டின் விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம்தான் உச்ச வரம்பு. பட்டரின் விட்டம் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் என்பதால் உச்சம் 175 கிராமை ஒட்டி நிற்கும். காற்றடிக்கும் நம் ஊருக்கு 170 முதல் 175 வரை எடுங்கள். பிள்ளைகளுக்கு 160-ஐ ஒட்டிய எடை போதும்.

பல தட்டுகளின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள்: வேகம், மிதப்பு, திருப்பம், இறுதிச் சரிவு. ஏவியாருக்கு 2, 3, 0, 1. பறக்கும் விதத்தைத்தான் அவை சொல்லும். பிடிமானத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கும்போது

நம் பகுதியில் பெரும்பாலும் ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. பிடித்துப் பார்க்க முடியாத குறையை நான்கு கேள்விகளால் ஓரளவு ஈடுசெய்யலாம். விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள்: எந்தப் பிளாஸ்டிக்? மென்மையில் எந்த நிலை? பீட் உண்டா? இந்தக் குறிப்பிட்ட தட்டின் எடை என்ன? ‘நல்ல பிடிமானம்’ என்று மட்டும் பதில் வந்தால் அங்கே வாங்காதீர்கள். ஒரே அச்சிலேயே ஒரு முறை வார்த்தது மென்மையாகவும் மறுமுறை வார்த்தது சற்று விறைப்பாகவும் அமைவதுண்டு. ஆகவே கையிருப்பில் உள்ள தட்டை மடக்கிப் பார்த்துச் சொல்லும் விற்பனையாளர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். அதற்கும் முன்பாக, ஏற்கெனவே விளையாடும் யாரையாவது தேடிப் போய் அவருடைய பட்டரை ஒரு மாலை முழுக்க எறிந்து பாருங்கள். எங்கள் தோப்புக்கு வருபவர்களுக்கு நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் தட்டைக் கொடுத்துவிடுவோம். இதில் கூச்சம் வேண்டியதில்லை.

தட்டு வந்த பிறகு

புதுத் தட்டு கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். அதை வைத்து அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பாத்திரம் துலக்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். விளிம்பின் உள்பக்கத்தை நன்றாகக் கழுவி நிழலில் காயவையுங்கள். மணல்தாள் வேண்டாம். வார்ப்பில் வந்த பிசிறையோ அடிபட்ட கீறலையோ அளவாகத் தேய்த்துச் சரிசெய்ய விதி இடம் தருகிறது. பறக்கும் தன்மை மாறும் அளவுக்குத் தேய்க்கவோ எதையாவது பூசவோ கூடாது. சொரசொரப்பு தானாக வரும். இரண்டு மூன்று வாரம் மண்ணிலும் சங்கிலியிலும் பட்டால், அடிப்படைப் பிளாஸ்டிக் மேலும் மங்கி, கைக்கு இணங்கிவிடும். இப்படிப் பழகிய தட்டை விற்கவோ தொலைக்கவோ எனக்கு மனம் வந்ததில்லை.

வெயிலில் நிறுத்திய காருக்குள் தட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அப்பளம்போல வளைந்துவிடும். வளைந்துவிட்டால் சூடான தண்ணீரில் சற்று நேரம் போட்டு, சமமான தரையில் வைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

ஒவ்வொரு எறிதலுக்கும் முன்

இடுப்பில் ஒரு துவர்த்தைச் செருகிக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் இருக்கும் அந்த மெல்லிய பருத்தித் துண்டைவிடச் சிறந்த துணி இதற்கு இல்லை. தூசியை எடுக்கும், வியர்வையையும் எடுக்கும். முதலில் விளிம்பின் உள்மூலை, பிறகு கட்டைவிரல் படும் மேல்பக்கம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல் மிக நுண்ணியது. அங்கே விளையாடினால் ஒவ்வொரு முறையும் துடைக்காமல் எறியாதீர்கள்.

உலர் கைக்காரர் துடைத்த பிறகு விரல் நுனிகளில் இரண்டு முறை வாயால் ஊதி வெப்பக் காற்றைப் படவிட வேண்டும். அந்த மூச்சு ஈரம் போதும். கண்டக்டரின் வித்தை இதுதான். இவர்கள் எந்தப் பொடியையும் தொடக்கூடாது. இருக்கும் கொஞ்ச ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும். வியர்வைக் கைக்காரருக்கோ பொடிதான் துணை. உலர்ந்த களிமண் பொடியோ சாக்பீஸ் தூளோ இறுக்கமான நெசவுள்ள துணிப்பையில் கட்டி, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, மிச்சத்தை உதறிவிட வேண்டும். முகப் பவுடர் வேண்டாம், அது வழுக்கும்.

இதைக் கொஞ்சம் வற்புறுத்தியே சொல்கிறேன்: எண்ணெய். தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸைத் தின்றுகொண்டே விளையாடுவது எங்கள் கூட்டத்திலும் வழக்கமாக இருந்தது. எண்ணெய் தேய்த்த தலையைக் கோதிவிட்டுத் தட்டைத் தொடுவதும் அப்படித்தான். எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் எண்ணெய்க்கு முன் நிற்காது. சிப்ஸ் பொட்டலத்தைக் கடைசிக் கூடை முடிந்தபின் பிரிப்பது என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிடியும் எறியும்

எறியும் முறைக்கும் தட்டுக்கும் தொடர்பு உண்டு. தட்டை மெல்ல முன்னே தள்ளி மிதக்கவிடுபவர்கள் விரல்களை அடிப்பக்கத்தில் விசிறிபோல விரித்துப் பிடிப்பார்கள். சுழற்சி குறைவு, ஆகவே பிடிமானமும் குறைவாகவே தேவைப்படும். சற்றுக் கடினமான தட்டு இவர்கள் கையிலிருந்து சுத்தமாக விடுபடும். மணிக்கட்டைச் சுண்டி வேகமாகச் சுழலவிடுபவர்களுக்கு விளிம்பில் விரல் அழுத்தமாக நிற்க வேண்டும். மென்மையோ நடுத்தரமோ இவர்களுக்கு உதவும். காற்றுள்ள இடத்தில் சுண்டி எறியும் முறையே நிலைத்து நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. புதியவர் இரண்டையும் ஒரு மாதம் செய்து பார்த்து, உடம்பு எதை ஏற்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

இனிச் சோதனை. கூடையிலிருந்து ஐந்து மீட்டரில் நின்று இருபது எறிதல். பத்து மீட்டரில் இன்னொரு இருபது. அதுதான் பட்டிங் வட்டத்தின் எல்லை, அதற்குள் எறிந்தபின் நிலைதடுமாறி முன்னே கால் வைக்கக்கூடாது. உள்ளே விழுந்ததை எண்ணுவதோடு தவறியது எந்தப் பக்கம் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரரின் கை இடப்பக்கமிருந்து வலப்பக்கமாக வருகிறது. நேரத்துக்கு முன்பே நழுவினால் தட்டு இடப்புறம் போகும். ஒட்டிக்கொண்டு தாமதித்தால் வலப்புறம் போகும். இடக்கைக்காரருக்கு இதுவே மாறிவரும். ஒரு வாரக் குறிப்பில் இடப்புறத் தவறுகளே அதிகம் என்றால் இன்னும் மென்மையான பிளாஸ்டிக்குக்கு மாறுங்கள், அல்லது மூச்சு ஈரத்தை மறந்துவிட்டீர்களா என்று பாருங்கள். வலப்புறம் அதிகம் என்றால் ஒரு படி கடினமானதற்குப் போங்கள். காலையில் ஒரு தாள், மாலையில் ஒரு தாள் என்று தனித்தனியாக வைப்பது நல்லது. எங்கள் பால்வெட்டுக்காரரின் தாளைப் பார்த்துத்தான் அவருக்கு மென்மையான தட்டை மாற்றிக் கொடுத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இடப்புறக் கோடுகள் பாதியாகக் குறைந்தன.

கை ஒரு தட்டோடு ஒத்துப்போய்விட்டது என்று குறிப்பு சொன்னதும் இன்னொன்றை வாங்கிவிடுங்கள். அதே அச்சு, அதே பிளாஸ்டிக், அதே எடை. ஒன்று தொலைந்தாலும் கைப்பழக்கம் மாறாது. நிறத்தில் மட்டும் கவனம் வேண்டும். மார்கழி முதல் மாசி வரை ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். தோட்டத் தரை முழுவதும் செம்பு நிறச் சருகு மூடிக்கிடக்கும். சிவப்பும் ஆரஞ்சும் அதற்குள் போனால் தேடி எடுக்க அரை மணி நேரம் ஆகும். நீலமோ இளஞ்சிவப்போ வாங்குங்கள்.